காருக்குள் என்ன நாற்றம்?

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகும் குடும்பங்களில் ஆம்பூர் வந்ததும் ஒரு பேச்சு நடக்கும்.

"என்ன மாப்பிள்ளை, அழுகின முட்டை மாதிரி நாறுது?" என்பார் பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமியார்.

"தோல் ஷாப்பு வாசனை, அத்தை. ஊர் தாண்டினால் போயிடும்" என்பார் கார் ஓட்டும் மருமகன். கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகள் நிறைய உண்டு. ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் உள்ள மயிரை நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்த நீரில் தோலை ஊற வைக்கிறார்கள். அந்த நீரோடு அமிலம் கலந்த நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். அழுகிய முட்டையில் இருந்து வருவதும் இதே வாயுதான். மாமியார் சொன்ன உவமை வெறும் உவமை அல்ல!

ஆனால் கார் வாணியம்பாடியையும் தாண்டிவிட்டது. நாட்றம்பள்ளியும் வந்துவிட்டது. இன்னும் அதே நாற்றம் அடிக்கிறது. அப்படியானால்?

"இது தோல் நாற்றம்தான்" என்று இனிமேலும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான். அந்த நாற்றம் காருக்குள்ளேயே பிறந்திருக்கலாம்.

நாட்றம்பள்ளியில் நிறுத்துங்கள்

நாட்றம்பள்ளி திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. வாணியம்பாடிக்கும் பர்கூருக்கும் நடுவே, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சிரிக்கிற வெளியூர்க்காரர்கள் உண்டு. பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்பது அவர்களுக்குத் தெரியாது போலும்!

பாலாற்றங்கரை ஆலைகள் பின்னால் போய்விட்ட இடம் இது. ஆகவே காருக்குள் அடிக்கும் நாற்றம் வெளியிலிருந்து வந்ததா, உள்ளே பிறந்ததா என்று பார்க்க வசதியான இடம்.

சோதனை மிகவும் எளிது. முதலில் நான்கு கதவுகளையும் திறந்து வையுங்கள். உள்ளே தேங்கிய காற்றெல்லாம் போகட்டும். எல்லோரும் இறங்கி ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள்.

ஏன் தள்ளி நிற்க வேண்டும்? மூக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரே வாசனையில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதை மறந்துவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாட்டு வாசனை தெரியாததைப் போல. காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தவர், "இப்போது நாற்றம் இல்லையே" என்று சொன்னால் அதை நம்பக் கூடாது. நல்ல காற்றில் நின்றுவிட்டு வந்து முகர வேண்டும். பக்கத்தில் டீக்கடை இருந்தால் அங்கே நிற்கும் ஒருவரை அழைத்து, "அண்ணே, கொஞ்சம் உள்ளே முகர்ந்து பாருங்க" என்று கேட்டால் இன்னும் நல்லது. புது மூக்கு பொய் சொல்லாது.

பிறகு கதவுகளை மூடி, ஏ.சி.யைப் போடுங்கள். ஏ.சி. பொத்தான்களில் ஒன்றில் கார்ப் படமும் அதற்குள் வளைந்த அம்புக்குறியும் இருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று உள்ளே வராது. உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். அழுத்தியதும் நாற்றம் குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. தெருவிலிருந்து வரலாம், பானெட்டுக்குக் கீழே இருந்தும் வரலாம். நாற்றம் கூடினால் அது காருக்குள்ளேதான் இருக்கிறது. பாதி வேலை முடிந்தது!

பேட்டரி கொதிக்கிறதா?

அழுகிய முட்டை நாற்றத்தையே முதலில் பார்ப்போம். தோல் ஆலை இல்லாத இடத்தில் அந்த நாற்றம் வந்தால் இரண்டு சந்தேகங்கள்.

முதல் சந்தேகம் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்ற கருவி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. சாதாரணமாக 14 வோல்ட் அளவில் ஏற்றும். அதை அளந்து கொடுக்கிற ரெகுலேட்டர் கெட்டுவிட்டால் அளவில்லாமல் ஏற்றத் தொடங்கும். பேட்டரி சூடாகும், உள்ளே இருக்கும் அமில நீர் கொதிக்கும். அப்போது கந்தக நாற்றம் கிளம்பும். பெட்டியின் பக்கங்கள் உப்பிக்கொள்ளும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நாற்றத்தோடு, நாற்றமே இல்லாத ஹைட்ரஜன் வாயுவும் சேர்ந்து வருகிறது. அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். "இருட்டாக இருக்கிறதே" என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வேலையே கூடாது. பீடி, சிகரெட்டும் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, மெக்கானிக்கை அழைப்பதுதான் வழி. சில கார்களில் பேட்டரி டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். அந்தக் கார்களில் நாற்றம் நேராக உள்ளேயே வரும்.

இரண்டாவது சந்தேகம் சைலன்சர் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர். புகையில் உள்ள நஞ்சைக் குறைப்பதற்காக வைத்த பகுதி அது. பெட்ரோலில் சிறிது கந்தகம் இருக்கும். எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்தால் அந்தக் கந்தகம் முட்டை நாற்ற வாயுவாக மாறிப் பின்னால் வரும். இந்தத் தொல்லை இப்போது குறைந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் 10 லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அதற்கு முன் 50 பங்கு வரை இருக்கலாம். ஆகவே இப்போதும் அந்த நாற்றம் வந்தால், பெட்ரோல் பங்க்கைத் திட்டுவதைவிட எஞ்சினைப் பார்ப்பது நல்லது. பெட்ரோலும் வீணாகிக்கொண்டிருக்கும் அல்லவா?

இந்த வாயுவைப் பற்றி இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 10 கோடி பங்கு காற்றில் 1 பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அளவு மிக அதிகமாகிவிட்டால், அதாவது 10,000 பங்கில் 1 பங்கு ஆகிவிட்டால், முகரும் நரம்பே மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் ஆபத்து முற்றியிருக்கிறது. ஆலைக் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்த துயரம் இந்தத் தோல் வட்டாரத்திலேயே பலமுறை நடந்திருக்கிறது. நாற்றத்தை நம்பியே தொட்டியில் இறங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது.

இனிக்கும் வாசனை

எல்லா ஆபத்தும் நாறிக்கொண்டு வருவதில்லை. சில சமயம் வெல்லப்பாகு மாதிரி இனிப்பான வாசனை வரும். குழந்தைகள், "அம்மா, மிட்டாய் வாசனை!" என்று கூடச் சொல்லலாம்.

அது கூலண்ட். எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை அல்லது சிவப்பு நிற நீர். அதில் எத்திலின் கிளைக்கால் என்ற பொருள் கலந்திருக்கும். இந்த நீர் ஓடும் சிறிய குழாய் ஒன்று டாஷ்போர்டுக்குப் பின்னாலும் வருகிறது. குளிர் காலத்தில் காருக்குள் சூடான காற்று தருவதற்காக வைத்தது. அது ஒழுகினால் முன் இருக்கைக்குக் கீழே கால்மிதி நனையும். முன் கண்ணாடியில் எண்ணெய் பூசினாற்போல் ஆவி படியும்.

கால்மிதி நனைந்தாலே கூலண்ட் என்று பயந்துவிட வேண்டாம். ஏ.சி. நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும் அதே இடம் நனையும். விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக, நிறத்தோடு இருந்தால் கூலண்ட். வெறும் தண்ணீராக இருந்தால் ஏ.சி. நீர். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். எத்திலின் கிளைக்கால் இனிக்கிற விஷம். சிறுநீரகத்தைக் கெடுக்கும். கீழே சிந்தினால் நாய்கள் நக்கிவிடும். உடனே கழுவிவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வேப்பிலையும் பிரியாணியும்

ஏ.சி.யைப் போட்டதும் முதல் இரண்டு நிமிடம் ஈரத் துணி நாற்றம், பழைய புழுங்கல் நாற்றம். பிறகு குறைந்துவிடும். இது மிகச் சாதாரணமானது.

டாஷ்போர்டுக்கு உள்ளே காற்றைக் குளிர்விக்கும் ஒரு கூடு இருக்கிறது. குளிர்ந்த செம்பில் நீர்த்துளி பூப்பதுபோல் அதன் மேலும் நீர் பூக்கும். வண்டியை நிறுத்தியதும் அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்கிறது. வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை நிறுத்திவிட்டு, காற்றாடியை மட்டும் ஓடவிட்டால் கூடு உலர்ந்துவிடும். செலவில்லாத வைத்தியம்! காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும். அது தூசியும் ஈரமுமாக இருந்தால் எத்தனை வாசனைத் திரவியம் தெளித்தாலும் பயன் இல்லை.

இந்தப் பக்கத்தில் வண்டியை நிழலுக்காகப் புளியமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ நிறுத்துவார்கள். வெயிலுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் உதிரும் இலையும் பூவும் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் விழும். வெளிக்காற்று உள்ளே போகும் வாசல் அதுதான். ஒரு மழை பெய்தால் போதும், இலை அழுகிக் குப்பை மேட்டு நாற்றம் வரும். மழைக் காலத்தில் எலியும் அங்கே குடியேறும். செத்த எலியின் நாற்றம் நாளுக்கு நாள் கூடும். வெயிலில் நின்றால் இரட்டிப்பாகும். எலி இருந்த இடத்தில் ஒயரையும் கடித்து வைத்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஆம்பூர் வழியாக வந்தவர்கள் இருக்கைக்கு அடியிலும் ஒரு முறை கையை விட்டுப் பார்ப்பது நல்லது. பிரியாணிப் பொட்டலத்தைச் சாப்பிட்டிருப்பார்கள். கூடக் கொடுத்த தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காய்த் தொக்கும் கவிழ்ந்து உருண்டு போயிருக்கும்! மூன்று நாள் கழித்து மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். அவர் பச்சடிக் கவரைக் கையில் எடுத்துக் காட்டும்போது வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எந்தப் பொருள் நாறுகிறது என்று தெரியவில்லையா? கார்க் கம்பெனிகள் ஒரு சோதனை செய்கின்றன. கார்ப்பெட், பிளாஸ்டிக், தோல் ஆகியவற்றின் துண்டை மூடிய ஜாடியில் போட்டு 80 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். பிறகு திறந்து முகர்ந்து 1 முதல் 6 வரை மார்க் போடுகிறார்கள். ஜெர்மனியின் ஆடி கம்பெனி இதற்கென்றே 1985 முதல் ஒரு மூக்குக் குழு வைத்திருக்கிறது. நம் வீட்டுக்கு ஜாடி வேண்டாம். கால்மிதியை ஒரு பாலிதீன் பையிலும், இருக்கை உறையை இன்னொரு பையிலும் கட்டி மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் குற்றவாளி அகப்பட்டுக்கொள்வான்.

ஏலகிரி ஏறும்போது

நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஏலகிரி மலைக்குப் போகிறவர்கள் அதிகம். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒரு தீய்ந்த நாற்றம், இறங்கும்போது இன்னொன்று.

ஏறும்போது காகிதம் எரிந்தாற்போல் வந்தால் கிளட்ச். காலை கிளட்சிலிருந்து எடுக்காமலே ஓட்டுகிறவர்களுக்கு இது வரும். இறங்கும்போது சக்கரத்துப் பக்கமிருந்து காரமாக வந்தால் பிரேக். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்க வேண்டும். நாற்றம் வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சுடும் பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒயர் தீயும் நாற்றம் வேறு. பிளாஸ்டிக் கருகிய நாற்றமாக இருக்கும். சில சமயம் மீன் நாற்றம் போலவும் இருக்கும்! சைவர்கள் வீட்டுக் காரில் மீன் நாற்றம் வந்தால் யாரையும் சந்தேகிக்க வேண்டாம். பியூஸ் பெட்டியைச் சந்தேகிக்கலாம். பெரிய ஹாரன், கூடுதல் விளக்கு என்று வெளியே ஒயர் இழுத்த கார்களில் இது அதிகம். இந்த நாற்றம் வந்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பிறகுதான் மற்ற யோசனை.

பெட்ரோல் நாற்றத்துக்கும் அதே விதி. கேஸில் ஓடும் கார்களில் வரும் கேஸ் நாற்றத்துக்கும் அதே விதிதான். இயற்கை எரிவாயுவுக்கு உண்மையில் வாசனை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தின் அடியில் கசிந்த எரிவாயு வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் மாண்டார்கள். வாசனை இல்லாததால் கசிவு யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் வாயுவில் வேண்டுமென்றே நாற்றம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் சமையல் கேஸில் வரும் நாற்றமும் இப்படிக் கலந்ததுதான்.

நாறாத எமன்

இத்தனை நாற்றங்களையும்விடக் கொடியது ஒன்று உண்டு. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் புகையில் இருப்பது. பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில், அதைப் போல் 200 மடங்குக்கு மேல் பலமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். "பயணக் களைப்பு, கொஞ்சம் தூங்கட்டும்" என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பது நிச்சயமில்லை.

2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கல்யாணக் கோஷ்டியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வண்டி. ஓய்வெடுக்க நிறுத்தி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுப் படுத்திருக்கிறார்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டரின் புகை, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது தெரிந்தது. இரண்டே மணி நேரத்தில் காற்றில் 10 லட்சம் பங்குக்கு 957 பங்கு நஞ்சு சேர்ந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்திருக்கும் அளவு 50 பங்குதான்!

ஒரு சிறிய ஓட்டை என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் போர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களுக்குள் புகை நாற்றம் வருவதாகப் புகார்கள் வந்தன. 2016 ஜூலையில் அரசு விசாரணை தொடங்கியது. 2017 ஜூலையில் ஆஸ்டின் நகரப் போலீசார் தங்கள் கார்களில் சுமார் 400-ஐ ஓட்டாமல் நிறுத்தி வைத்தார்கள். விசாரணை 2023 ஜனவரியில் முடிந்தது. நஞ்சு அதிகம் காணப்பட்ட கார்கள் எவை? விளக்கு, கருவிகள் பொருத்துவதற்காகப் பின்பக்கம் துளை போட்டுச் சரியாக அடைக்காமல் விட்ட போலீஸ் கார்கள். பின்னால் மோதி, ரிப்பேர் செய்தபோது அடைப்பு சரியாகப் பொருந்தாத கார்கள்.

கார் ஓடும்போது அதன் பின்னால் காற்று சுழன்று உள்நோக்கி இழுக்கும். அதனால்தான் சைலன்சர் புகை டிக்கி வழியாக வருகிறது. டிக்கி மூடாத அளவுக்குச் சாமான் ஏற்றி, கயிறு கட்டி ஓட்டுவதை இந்த நெடுஞ்சாலையில் தினமும் பார்க்கலாம். அழகான வழக்கம் அல்ல. புகை நாற்றம் லேசாக வந்தாலும் சரி, காருக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தாலும் சரி, உடனே நிறுத்தி இறங்கி நல்ல காற்றில் நிற்க வேண்டும். யாருக்காவது மயக்கம் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 108-ஐ அழைக்கலாம்.

மல்லிகைச் சரமும் வாசனைப் புட்டியும் கண்ணாடியில் தொங்கலாம், தவறில்லை. ஆனால் நாற்றத்தின் காரணம் தெரிவதற்கு முன் அதன் மேல் வாசனை தெளித்துவிட்டால், மெக்கானிக் எதை முகர்ந்து கண்டுபிடிப்பார்? அவரிடம் போகும்போது, "என்னமோ நாறுது" என்று சொல்லாமல் நான்கு விஷயங்களைச் சொன்னால் அவர் வேலை சுலபமாகும். நாற்றம் எதைப் போல இருக்கிறது, எப்போது வருகிறது, முன்பக்கமா பின்பக்கமா, ஏ.சி. போட்டால் கூடுகிறதா குறைகிறதா.

நல்ல மெக்கானிக்காக இருந்தால் சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா என்று எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்பார். ஓட்டை இருந்தால் 'உஸ்' என்ற சத்தம் வரும். பிறகு டிக்கிப் பக்கம் வருவார். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடுவார். நோட்டை வெளியே இழுப்பார். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால், அந்த இடத்தில்தான் புகை நுழைகிறது. இப்படியே ஒரு சாண் தள்ளி, இன்னொரு சாண் தள்ளி, கதவைச் சுற்றிலும் பார்ப்பார். பத்து நிமிட வேலை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.